ஐயர் வைத்த நாலு பொட்டு

ரிவர்ஸ் கியர் போட்டதும் கத்த ஆரம்பித்த கார் நிறுத்தவே மாட்டேன் என்றது. வெள்ளிக்கிழமை காலை, கிள்ளானில் கோயில் வாசல் முழுக்க ஆட்கள். புதுக் காருக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மாலையும் மரியாதையுமாகக் கிளம்ப வேண்டிய நேரம். நான் மடியில் அர்ச்சனைத் தட்டோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

"என்னாங்க, அத மொதல்ல நிப்பாட்டுங்க."

"பின்னாடி ஒண்ணும் இல்லலா. கண்ணாடியில பாத்துட்டேன்," என்றார் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் நாகையா. லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக லோரி வாங்கி, ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி முன்னுக்கு வந்தவர். உழைத்த மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சொல்பேச்சு கேட்கிற ஜாதகம் இல்லை. சர்க்கரை வியாதி கண்ணுக்கு ஏறிவிட்டது, ரெண்டு கண்ணிலும் பார்வை போய்க்கொண்டே இருக்கிறது, இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள் என்று போன வருடம், தொண்ணூற்று ஆறில், கோலாலம்பூர் டாக்டர் தெளிவாகச் சொன்னார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் இவர் சொன்னது, "டாக்டர் கண்ணாடி மாத்தச் சொன்னாரு." கண்ணாடியை மாற்றவில்லை. காரை மாற்றினார்.

ஷோரூமில் டை கட்டிய பையன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மழையில் பிரேக் அடித்தாலும் சக்கரம் வழுக்காதாம். இடித்தால் முன்னாலிருந்து பலூன் வந்து தாங்கிக்கொள்ளுமாம். பின் பம்பரில் வட்ட வட்டமாக நாலு பட்டன், ரிவர்ஸில் எதற்காவது கிட்டே போனால் விட்டு விட்டுக் கத்தும், ரொம்பக் கிட்டே போனால் விடாமல் கத்தும்.

"பாத்தியா சந்திரகலா, இந்தக் காருக்கு முதுகுலயும் கண்ணு."

"இடிச்சா ஒங்களுக்குப் பலூன் வரும். இடிபடுறவனுக்கும் ஒண்ணு வச்சிருக்கானான்னு கேளுங்க."

பையன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

இப்போது அந்த முதுகுக் கண்தான் கத்திக்கொண்டிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் பின்னால் போனேன். பார்த்ததும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பொட்டு வைக்க வாகான இடம் தேடியிருக்கிறார் ஐயர். பம்பரில் வரிசையாக நாலு வட்டம் இருந்ததும் அவருக்கு வசதியாகப் போய்விட்டது. ஒவ்வொரு பட்டனிலும் கெட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம், அளவெடுத்த மாதிரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாராக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

"சந்தனத்துக்குத்தான் கத்துது. கியர எடுங்க, தொடைக்கிறேன்."

"அதான பாத்தேன்," என்றார் உள்ளேயிருந்து, பெரிய ஆறுதலோடு. சத்தம் நின்றது. முந்தானையை நனைத்து நாலையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி, வரலாம் என்று கை காட்டினேன். பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். கார் மறுபடியும் கத்தியது.

"இன்னும் ஒட்டியிருக்கு போல. சரியா தொடைக்கல நீ," என்று சொல்லிக்கொண்டே இவர் காரை எடுத்தார். நிறுத்தவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். பூக்கடை வீரம்மா, சிவப்புச் சேலை, வெயிலுக்காகக் கூடையை நிழல் பக்கம் இழுத்துக்கொண்டு முதுகைக் காட்டியபடி சரியாகக் காருக்குப் பின்னால். ரெண்டு கையாலும் டிக்கியில் அடித்து, "நிறுத்துங்க, ஆளு, ஆளு" என்று கத்தினேன். கார் குலுங்கி நின்றபோது கூடை பம்பருக்கு அடியில் இருந்தது. வீரம்மா சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் படவில்லை. மல்லிகைப்பூ மட்டும் சக்கரத்தில் அரைபட்டுக் கிடந்தது.

இவர் இறங்கி வந்தார்.

"நான் இங்கதானே அண்ணே நின்னேன். கண்ணாடியில தெரியலையா?" வீரம்மாவின் குரலில் கோபம் இல்லை, கேட்கிறாள் அவ்வளவுதான்.

இவர் வீரம்மா இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யாருமே இல்லாத பக்கமாகப் பார்த்து, "மன்னிச்சிருங்கக்கா," என்றார். வீரம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. கண் தெரியவில்லை என்று இவர் ஒத்துக்கொள்கிற நாளுக்காக ஒரு வருடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அது இப்படியா வர வேண்டும்?

பூவுக்கும் கூடைக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்தபோது இவர் சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு."

காய்கறி வாங்கப் பாசாருக்கு வீட்டுச் சின்னக் காரை ஓட்டுகிறவள்தான் நான். இந்தக் காரின் கதவைக்கூடச் சத்தமாகச் சாத்த விட்டதில்லை மனிதர். ஏறி உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. ஒரு பட்டனை அமுக்கினேன், சீட் மேலே போனது. இன்னொன்றை அமுக்கினேன், படுத்துக்கொண்டது. என்ன கார் இது என்று திட்டிக்கொண்டே ஒருவழியாக பிரேக்கைத் தொட்டேன். இவர் ஏறுவார் என்று பார்த்தால், காரைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க? ஏறுங்க."

"நீ எடு. நான் நின்னு பாத்துச் சொல்றேன்."

ரிவர்ஸ் போட்டேன். கார் உடனே விடாமல் கத்தியது. கண்ணாடியில் இவர் வயிறும் வெள்ளைச் சட்டையும்தான் தெரிந்தன.

"தள்ளி நில்லுங்க," என்றேன். சத்தத்தில் கேட்கவில்லை போல. கையை நீட்டித் துழாவி டிக்கியைத் தொட்டதும் இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தார். உள்ளங்கையால் தட்டினார்.

"வா, வா. பின்னாடி எடம் நெறைய இருக்கு. வா."

நான் ரெண்டு காலையும் பிரேக்கில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.