ஒனுஃப்ரி வரைந்த நேரான மூக்குகள்

லிடா என்ற ஊருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்த ஹியரோனிம் கோர்சாக் என்ற கனவான் பலமுறை செத்துப் பார்த்தும் முடியவில்லை. கடைசித் தடவை பாதிரியார் எண்ணெய் பூசி, பெண்கள் அழுது ஓய்ந்து, மெழுகுவத்திகளும் பாதிக்கு மேல் எரிந்துபோன பிறகு, மனிதர் எழுந்து உட்கார்ந்து பீட்ரூட் சூப் கேட்டார். பல் போயிருந்தது, நடை போயிருந்தது, கூடச் சண்டைக்குப் போனவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். இவர் மட்டும் கிடந்தார். வாரிசுக்கே தலை நரைத்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் வில்னா நகரத்தைச் சுற்றி இப்படி வீட்டுக்கு ஒருவர் மாடியறையில் கிடந்தார்கள். நாட்டுத் தேன்மதுவின் குணம் என்று சிலர் பெருமையடித்துக்கொண்டார்கள். அந்தக் கிழவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது.

காரணம் சவப்பெட்டித் தகரம். எங்கள் பக்கத்துக் கனவான்கள் செத்தால் ஆறு மூலைத் தகரம் ஒன்றில் அவர்கள் முகத்தை வரைந்து பெட்டியின் தலைமாட்டில் அறைவார்கள். அடக்கம் முடியும்வரை செத்தவர் வந்தவர்களை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். செத்த பின் ஓவியனைத் தேடி அலைவானேன் என்று முன்கூட்டியே வரைந்து கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. பழைய ஓவியர்கள் மாறுகண், மரு, இரட்டைத் தாடை, குடித்துச் சிவந்த மூக்கு எதையும் விடமாட்டார்கள். சாவு வந்து தகரத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துத்தான் ஆளை எடுத்துப் போகிறது என்ற விஷயம் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியவேண்டிய அவசியம் வரவில்லை. ஓவியர் ஒனுஃப்ரி ரோமிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் வந்தது.

ஒனுஃப்ரி ஏழைக் கனவான் ஒருவரின் மகன். பிஷப் ஒருவர் செலவில் ரோமுக்குப் போய், வருஷக்கணக்கில் பளிங்குத் தலைகளையே பார்த்து வரைந்து பழகியவர். திரும்பியபோது அவர் கைக்கு நேரான மூக்கும் சுருக்கமில்லாத நெற்றியும் தவிர வேறொன்றும் வராது. ஊருக்கு அது பிடித்துப்போனது. மூன்று அரசர்கள் எங்கள் நாட்டைப் பங்கு போட்டு வரைபடத்திலிருந்தே துடைத்துவிட்ட சமயம் அது. நாடுதான் போயிற்று, முகமாவது ரோமாபுரிக்காரன் முகமாக இருக்கட்டும் என்று கனவான்கள் சுபோச் தெருவில் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். தொப்பையும் தொங்குமீசையுமாக உள்ளே போனவர்கள் சீசர்களாக வெளியே வந்தார்கள். தகரம் வரைந்துகொண்ட ஒருவர்கூட அதற்குப் பிறகு சாகவில்லை. ஒனுஃப்ரியோ நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டு, மெல்ல மெல்லச் சோர்ந்துகொண்டிருந்தார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் கோர்சாக்தான். படுத்தே கிடப்பவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. பனிச்சறுக்கு வண்டியில் தன்னைத் தூக்கிவைத்துக் கொண்டுவரச் சொல்லி, தகரத்தை மடியில் வைத்தபடி ஓவியரின் வீட்டுக்குள் வந்தார்.

"இது யாருப்பா?" என்றார் கிழவர்.

"நீங்கதான் ஐயா."

"என் மூக்கப் பாரு. குதிரை ஒதைச்சு, மிதிபட்ட காளான் மாதிரி கெடக்கு. தகரத்துல இருக்கறவன் எவனோ. சாவு வருது, கட்டிலச் சுத்திப் பாக்குது, ஆளு இவன் இல்லையேன்னு திரும்பிப் போயிடுது. நானே கண்ணால பாத்தேன். கையப் புடிச்சு இழுத்தேன், உதறிட்டுப் போயிடுச்சு."

"அசிங்கமா வரைய என் கைக்கு வராதுங்க ஐயா."

"அசிங்கம்னு யாரு சொன்னா? அது என் மூக்குய்யா."

ஒனுஃப்ரி வரைந்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார். மூக்கு ஒவ்வொரு தடவையும் தானாகவே நிமிர்ந்துகொண்டது. தவக்காலம் முடிகிற வேளையில்தான் அது ஒருவழியாகச் சப்பையானது. கோர்சாக் தகரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுச் செத்தார். செய்தி பரவியதும் மற்ற வீட்டுக்காரர்களும் கட்டிலுக்கடியிலிருந்த தகரங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒனுஃப்ரி சலித்துக்கொள்ளாமல் மருக்களையும் மாறுகண்களையும் திருப்பிக் கொடுத்தார். தேவாலய மணி விட்டுப்போன வேலையைச் சேர்த்துவைத்துச் செய்தது.

அடுத்த அறையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள் அவர் மனைவி பெனிக்னா. கல்யாணமான புதிதில், ஆசைப்பட்டு, அவளுக்கும் ஒரு தகரம் வரைந்திருந்தார் மனிதர். அடுப்பைக் காக்கும் ரோமாபுரித் தேவதையாக, பளிங்குக் கன்னத்தோடு. அன்றிலிருந்து அவருக்காக ஈயவெள்ளைச் சாயத்தை அரைத்துக் கொடுத்தவள் அவள்தான். சீசர்களின் நெற்றிகளில் மின்னிய வெள்ளையெல்லாம் அவள் அரைத்தது. ஈயம் அவள் உடம்பில் இறங்கி, மணிக்கட்டு இரண்டும் தொங்கிவிட்டன. வயிற்றைப் பிசையும் வலி நாளுக்கு நாலு தடவை வந்து போயிற்று. இது எப்போதோ முடிந்திருக்கவேண்டிய உடம்பு என்று வைத்தியர் அவள் காதுபடவே சொன்னார். ஒனுஃப்ரி பார்லிக் கஞ்சியை அவளுக்கு ஊட்டினார், வாயைத் துடைத்துவிட்டார், தகரத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் வரைஞ்சு அனுப்புறீங்க. எனக்கு எப்ப?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

"உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே."

"நல்லா இருக்கேனா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க பாப்போம்."

அவர் பார்த்தார். பார்த்ததும் பயந்துபோனார். இத்தனை வருஷமும் அவர் தகரத்திலிருந்த தேவதையோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார். எதிரே கிடந்த இந்தப் பெண்ணை அவருக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது. மறுநாள் தேவதையைச் சுரண்ட ஆரம்பித்தார். முதலில் அம்மைத் தழும்புகளை வைத்தார். அன்றே அவளுக்குச் சாப்பாடு குறைந்தது. ஈறில் ஈயம் போட்ட நீலக்கோட்டை வைத்தார், பேச்சு மெலிந்தது. விழுந்த பல், தளர்ந்த கழுத்து, இடது கண்ணுக்கடியில் சிரிக்காதபோதும் சிரிக்கிற சுருக்கம் என்று ஒவ்வொன்றாக வைக்க வைக்க அவள்மேல் அவருக்குப் பிரியம் முற்றிக்கொண்டே போனது. கிழவயதில், சொந்தப் பெண்டாட்டிமேல், பித்துப் பிடித்த மாதிரி. சாவு சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டது. வேலைக்காரி அதைச் சுற்றிப் பெருக்கினாள். தாடையில் ஒரு மச்சம் மட்டும் பாக்கி. ஒனுஃப்ரி அங்கே நிறுத்தினார். தகரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அறுவடை போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று.

"அதை இப்படித் திருப்புங்க," என்றாள் பெனிக்னா. வெகுநேரம் பார்த்தாள். "மச்சம் எங்க?"

"எந்த மச்சம்?"

"முத்தம் கொடுக்கறப்பல்லாம் முடி குத்துதுன்னு திட்டுவீங்களே, அந்த மச்சம்."

"சாயம் இன்னும் காயல. காயட்டும்."

"எனக்கே சாயக் கதையா? அரைச்சவ நான்." கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "உங்களுக்குத் தொணை வேணும், அதுக்காக நான் இந்த வலியோட கெடக்கணும். அப்படித்தானே? ரொம்பக் களைப்பா இருக்குங்க. வைங்க."

ஒனுஃப்ரி அழுதார். அழுதுகொண்டே பழுப்புச் சாயத்தைக் குழைத்து மச்சத்தை வைத்தார். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையால் அந்த ஒற்றை முடியையும் இழுத்தார். "ஆங், இதுதான் நான்," என்றாள் அவள். சமையலறையில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் தூரிகையைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்திருந்தது. அடக்கத்தன்று தகரத்திலிருந்து அவள் எல்லாரையும் பார்த்தாள். அச்சு அசல் என்று ஊரே சொன்னது.

வீட்டுக்கு வந்த ஒனுஃப்ரி, தன் தகரத்தை எடுத்தார். ரோமில் இருந்த காலத்தில் தானே தன்னை வரைந்துகொண்டது. இனி இங்கே இருந்து செய்யப்போவது ஒன்றுமில்லை, சீக்கிரம் அவளிடம் போய்ச் சேரவேண்டும் என்று கண்ணாடி முன் உட்கார்ந்தார். நரையை வைத்தார், வழுக்கையை வைத்தார், கண்ணீர்ப்பையை வைத்தார். சாவு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ரோமில் சாரத்திலிருந்து விழுந்ததில் அவர் மூக்கு நன்றாக இடப்பக்கம் வளைந்திருந்தது. தெருவில் எல்லாருக்கும் தெரியும். கண்ணாடியில் அவருக்கு மட்டும் அது நேராகத்தான் தெரிந்தது. ரோமில் பழகிய கண் அப்படி. எதையோ விட்டிருக்கிறோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. எதை என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேட்கிறார். இதற்குள் எங்கள் ஊரில் வயசானவர் முகத்தில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவது அவரைச் செத்துப்போ என்று சொல்வதற்குச் சமமாகிவிட்டது. மானமுள்ள யாரும் அதைச் செய்யமாட்டார்கள். தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ரொட்டிக்காரி அக்னெஷ்காவிடம் அவர் தினமும் காலையில் கேட்கிறார்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. எங்க தப்பிருக்கு?"

"ஒரு தப்பும் இல்லீங்க ஐயா. அப்படியே நீங்கதான்," என்கிறாள் அக்னெஷ்கா, அவள் அம்மாவும் பாட்டியும் அவரிடம் சொன்ன மாதிரியே. கம்பு ரொட்டியில் மெத்தென்ற பக்கமாகப் பார்த்து அவருக்கு வெட்டிக் கொடுக்கிறாள்.