சம்பந்தி சஹனுக்கு ஊற்றிய சர்பத்

ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே போட்டிருந்த மர வாங்கில் ஹுஸைன் ஹாஜியார் விடியற்காலையிலிருந்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். கண் எரிந்தது. தூங்கினால் தெரிந்த முகம் ஏதாவது பார்த்துவிடும். கண்டி டவுனில் அதுவும் ஒரு கதையாகிவிடும். உள்ளே தங்கச்சி கைரியா கிடந்தாள். சனிக்கிழமை தொடங்கிய வயிற்றோட்டம். அரிசி கழுவிய தண்ணீர்போல் போய்ப்போய், கண் குழிக்குள் இறங்கி, விரல் தோலெல்லாம் சுருங்கிவிட்டது.

அதற்கு முந்தின நாள்தான் மகள் நுஹாவின் கலியாணம். மழையில் மண் சரிந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோயிருந்த வாரம் அது. கலியாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மூத்த மகன் ரிஸ்மி போத்தல் தண்ணீர் வாங்கலாம் என்றான்.

"கலியாண வீட்டுல கடைத் தண்ணியா? கிணறில்லாத வீடா இது?" என்று அவன் வாயை அடைத்தவர் ஹாஜியார்தான். ஹந்தானை மலைச் சரிவின் அடியில் இருக்கும் அந்தக் கிணறு வாப்பா வெட்டியது. அதன் தண்ணீரில் கலக்கிய சர்பத்தை, சம்பந்திமார் ஒரே தாலத்தில் சேர்ந்துண்ணும் சஹனுக்கு வீட்டுத் தலைவர் தன் கையால் ஊற்றுவது குடும்ப வழக்கம். தாலத்தைச் சுற்றி அமர்ந்த ஆண்களுக்கு அவர் ஊற்றினார்; பெண்கள் பக்கம் கைரியா ஊற்றினாள்.

இன்று காலை சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ரமேஸ் வந்து, கலியாணத்தில் என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டபோது, "போத்தல் தண்ணி" என்றார் ஹாஜியார். கேட்காமலே, "மேல தேயிலைத் தோட்டத்து ஆக்கள்ட லயத்துப் பக்கம் போய்ப் பாருங்க" என்றும் சேர்த்தார். பொய் இத்தனை சுலபமாக வந்தது அவருக்கே திகைப்பாக இருந்தது.

கைரியாவின் மகன் பவாஸ் படியேறி வந்தான். ஆஸ்பத்திரி லேப்பில்தான் அவனுக்கு வேலை.

"கொலராதான், மாமா."

"மெதுவாப் பேசு."

"மெதுவாச் சொன்னா கொலரா வேற வருத்தமா ஆகுமா?" அவன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். அவனும் தூங்கியிருக்கவில்லை.

"அந்தக் கிருமி உள்ளுக்குப் போய்க் குடலத் தின்னுதா?"

"இல்ல. அது உள்ளுக்குத் துளச்சிப் போறதே இல்ல. குடல் சுவர்ல ஒட்டிக்கிட்டு நஞ்சக் கக்கும். நஞ்சுல ஒரு துண்டு மட்டும் குடல் செல்லுக்குள்ள நுழையும். அங்க ஒரு சுவிட்ச் ஈக்குது, உப்ப வெளிய விடுற சுவிட்ச். அத அணைய விடாமப் புடிச்சிக்கும். அதுக்குப் பொறகு நம்மட உடம்பே உப்ப வெளிய தள்ளும். உப்புக்குப் பின்னால தண்ணியும் போகும்."

"நம்மட உடம்பேயா?"

"நம்மட உடம்பேதான். தண்ணியோட கிருமியும் வெளிய வந்து அடுத்த ஆளத் தேடும்."

ஹாஜியார் தரையைப் பார்த்தார். "குடிச்சா இன்னும் போகும்னுதான் தண்ணிய நிப்பாட்டினேன்."

"தெரியும். உம்மாட வாய்க்கு ஒரு சொட்டு விடல்ல நீங்க. உப்பும் சீனியும் சேர்ந்து போனா குடல் உறிஞ்சும் மாமா. அந்த வாசல நஞ்சால மூட ஏலாது. ஜீவனித் தூளக் கரைச்சிக் குடுக்குறது அதுக்குத்தான்." செருப்பில் அப்பியிருந்த சேற்றைத் தரையில் தேய்த்தான். "இப்ப கிணத்தடிக்குப் போய்ட்டுத்தான் வாறேன். மண் சரிஞ்சதுல கக்கூஸ் குழி வெடிச்சி, கிணத்துப் பக்கம் ஊறியீக்குது. லயத்துக் குழி இல்ல, நம்மட வீட்டுக் குழி. ரிஸ்மி மச்சான் வெளிநாட்டுல இருந்து வயித்தால போய்க்கிட்டேதான் வந்தீக்காரு. கலியாண வீடுன்னு மூடி மறைச்சிட்டாரு."

மறைப்பதில் ரிஸ்மி தன் பிள்ளைதான் என்பதில் ஹாஜியாருக்குச் சந்தேகம் வரவில்லை.

"சம்பந்தி வீட்டுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டான் பவாஸ்.

"சொன்னா நுஹா அங்க எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

"சொல்லாட்டி?"

தாலத்தைச் சுற்றி நீண்ட கைகள் ஹாஜியாரின் கண்முன் வந்தன. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி சம்பந்தி பாயிஸ் கிண்ணத்தை நீட்டியது வந்தது. போனை எடுத்து, தெல்தோட்டையிலிருக்கும் பாயிஸை அழைத்தார்.

"ஹாஜி, எங்கட கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு. கலியாணத்துக்கு அதுலதான் சர்பத் கலக்கின. தங்கச்சிக்குக் கொலரா."

மறுபக்கத்தில் பாயிஸின் குரல் தேய்ந்துபோய் வந்தது. "எங்கட வீட்டுக்காரிக்கும் நேத்துப் பின்னேரத்துல இருந்து போகுது."

"ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"கலியாணச் சாப்பாட்டாலன்னு ஊர் பேசினா ஒங்கட பேரு என்னத்துக்காகும்? வந்த மருமகப் புள்ளைட முகத்தைப் பார்த்துட்டு நாங்க மூச்சே விடல்ல."

"தண்ணி குடுக்குறீங்களா?"

"எங்க? குடிச்சா இன்னும் போகுமே."

"அல்லாஹ்வே! நுஹாட்ட போனக் குடுங்க. ஜீவனி கரைக்கச் சொல்றேன், கொதிச்சி ஆறின தண்ணியில. அம்புலன்ஸுக்கு இப்பவே அடிங்க. ஊர் பார்த்தாப் பார்க்கட்டும்."

பின்னேரம் அம்புலன்ஸ் வந்தது. பாயிஸின் மனைவிக்கு நரம்பு கிடைக்காமல் தாதிமார் திண்டாடி, கடைசியில் சேலைன் ஏறியது. டாக்டர் வெளியே வந்து, பிழைத்துவிடுவார், இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். பாயிஸ் ஹாஜியாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. திட்டவும் இருவருக்கும் தெம்பில்லை.

பி.எச்.ஐ. ரமேஸ் மறுபடி வந்தபோது நடை முழுக்கச் சனம். டவுன் கடைக்காரர் சிலரும் நின்றார்கள்.

"காலையில ஒங்களுக்குப் பொய் சொன்னேன்," என்றார் ஹாஜியார், எல்லோருக்கும் கேட்கும்படி. "போத்தல் தண்ணி இல்ல. எங்கட கிணத்துத் தண்ணி."

"எந்தெந்தச் சஹனுக்கு ஊத்தினீங்க, ஹாஜியார்?"

"எல்லாத்துக்கும். லயத்துக்கு ஆள் அனுப்ப வேணாம், அவங்க மேல பிழையில்ல." களைத்த கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். "யார் யார் வீட்டுல இருந்து வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். நானும் ஒங்களோட வாறேன். நீங்க தனியாப் போனா ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டாங்க."