பதினாலுக்குப் பூஜ்யம்

என் மனைவியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள எனக்குக் காரணம் தேவையில்லை. கேட்க ஆள் கிடைத்தால் போதும். ஒரே பள்ளியில் இருவரும் கணக்கு வாத்தியார்கள். அவள் வகுப்பில் தேர்ச்சி அதிகம், என் வகுப்பில் சத்தம் அதிகம். அப்படிப்பட்டவளுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் அதை எடுத்தார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"பரவியிருந்தா கீமோ அது இதுன்னு என்னை இழுத்தடிக்கக் கூடாது. தெம்பு இருக்கிற வரைக்கும் கிளாசுக்குப் போவேன். அவ்வளவுதான்" என்று வீடு திரும்பியதுமே சொல்லிவிட்டாள். அவள் ஒன்று சொல்லிவிட்டால் மாற்ற ஆளில்லை. நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் காகிதத்தைக் கையில் கொடுத்து, "கூப்பிடுவாங்க, இருங்க" என்று போய்விட்டார். டாக்டர் சொல்லும்வரை பொறுத்திருக்கலாம். வாத்தியார்களாயிற்றே, தாளைக் கண்டால் கண் நேரே மதிப்பெண்ணுக்குத்தான் போகும். நெறிக்கட்டிகள் என்பதற்கு நேராக 0/14 என்று இருந்தது. பதினான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றுதான் இருவருமே படித்தோம்.

"முட்டையா?" என்றாள். "என் வாழ்நாள்ல நான் முட்டை வாங்கினதே இல்லைங்க."

அதற்குக் கீழே 3 என்றும் ஒரு எண் இருந்தது. "மூணாவது ஸ்டேஜ் போல" என்று என் பங்குக்கு நானும் உளறிவைத்தேன். அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் அவள் உட்காரக்கூட இல்லை. "பார்த்துட்டோம் டாக்டர். பதினாலுக்குப் பூஜ்யம். எனக்கு மேற்கொண்டு வைத்தியம் வேணாம்."

டாக்டர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல உட்காருங்க டீச்சர். பதினாலு நெறிக்கட்டி எடுத்துப் பார்த்தோம். அதுல புற்றுநோய் இருந்தது எத்தனை? பூஜ்யம். ஒண்ணுலயும் இல்லை."

எனக்கு அந்த மேசை மேல் ஏறிக் குதிக்கலாம்போல் இருந்தது. அவள் குதிக்கிற ரகம் இல்லை. "பின்னே அந்த மூணு?" என்று கேட்டாள்.

"அது ஸ்டேஜ் இல்லை, கிரேடு. கட்டி எவ்வளவு பெருசு, எங்கெல்லாம் போயிருக்குன்னு சொல்றது ஸ்டேஜ். உங்களுக்கு ரெண்டாவது. கிரேடுங்கிறது செல்லோட குணம். சாதாரண செல்லுல இருந்து எவ்வளவு மாறியிருக்குன்னு மைக்ராஸ்கோப்புல பார்த்துச் சொல்றது. மூணுன்னா முரட்டு ரகம், சீக்கிரம் வளரும்."

"அப்போ, இப்ப எங்க நிக்குதுங்கிறது ஒண்ணு. எவ்வளவு வேகமா ஓடும்ங்கிறது இன்னொண்ணு."

"அதேதான் டீச்சர்."

எப்படிப்பட்ட மாணவி கிடைத்திருக்கிறாள் என்று அந்த டாக்டருக்குத் தெரிந்ததா என அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதனாலதான் கீமோ எடுத்துக்கிட்டா நல்லதுன்னு நினைக்கிறேன். ஒண்ணு ரெண்டு செல் கண்ணுக்குத் தெரியாம தப்பிச்சிருந்தா..."

"பரவலைன்னுதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு?" என்று நான் பாய்ந்தேன். அவளை அந்த இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

"சும்மா இருங்க. அவங்க சொன்னதைக் கவனிக்கவே இல்லையா நீங்க?" என்று என்னை அடக்கிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள். தன்னைப் போன்ற பெண்கள் நூறு பேர் மருந்து எடுத்தால் எத்தனை பேருக்குத் திரும்ப வரும், எடுக்காவிட்டால் எத்தனை பேருக்கு வரும்? முடி கொட்டுமா? மறுபடி வகுப்பில் எப்போது நிற்கலாம்? உடம்பு தாங்காவிட்டால் என்ன செய்வீர்கள்? டாக்டர் எதையும் மழுப்பவில்லை. சில பதில்கள் கேட்க நன்றாக இல்லை. அவள் அவற்றையும் முழுதாகக் கேட்டாள்.

"அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"யோசிச்சா இன்னும் பயம்தான் வரும். இப்பவே பயமாத்தான் இருக்கு டாக்டர். தேதி குறிங்க."

டாக்டர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னங்க இது, இங்க வந்து அழுதுக்கிட்டு?"

"அழலை. பெருமையா இருக்கு, அதான்."

"பெருமையெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பட்டுக்கோங்க" என்று பேனாவை என் பக்கம் தள்ளினாள். "இப்ப அந்தத் தேதியை எழுதிக்கோங்க. என் கை நடுங்குது."