ஐந்தாவது கெத்தோங்

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு! நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு யாரு?"

தொலைக்காட்சி நிலையத்தின் வாசற்படியில் நின்று ஒரு பெண் ஒலிபெருக்கியில் கத்தினாள். சதுக்கத்தில் குடையோடு குடை இடிக்க நின்றிருந்த அத்தனை பேரும் சட்டையில் குத்தியிருந்த தங்கள் எண்ணைக் குனிந்து பார்த்தார்கள். நாள் கணக்காகப் பார்த்த அதே எண்தான். இருந்தாலும் ஒரு நப்பாசை.

புன்ஹி குனிந்து பார்க்கவில்லை. பக்கத்தில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்த புருஷனின் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

"எழுந்திரிங்க! நம்ம நம்பருங்க! ஐயோ, நம்ம நம்பரு!"

"இந்தத் தடவை எந்தக் கெத்தோங்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் சாங்வூக்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கெத்தோங் என்றால் நாய்ப்பீ. பிள்ளை தங்க வேண்டுமென்றால் வாயில் வைக்க முடியாத ஒரு பேராக வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எமன் வாசலில் வந்து பேரைக் கேட்டுவிட்டு, சீ என்று முகம் சுளித்துப் போய்விடுவானாம். எமன் ஏமாந்தானோ இல்லையோ, போரில் தொலைந்த பிள்ளையை முப்பத்து மூன்று வருஷம் கழித்துத் தேட வந்த நாங்கள்தான் நன்றாக ஏமாந்தோம். இப்போது வடக்கே மாட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஹ்வாங்ஹே மாகாணத்தில் வீட்டுக்கு ஒரு கெத்தோங் இருந்திருப்பான் போலிருக்கிறது. சதுக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களில் மட்டும் புன்ஹி பதினாலு கெத்தோங்கை எண்ணியிருந்தாள்.

தொலைந்த தம்பியைப் பற்றி எழுதி அவள் தூக்கிப் பிடித்த அட்டையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இதுவரை நான்கு பேர் போன் செய்திருந்தார்கள். முதல் ஆளுக்கு வயது அறுபது. இரண்டாவது ஆள் நல்ல போதையில் இருந்தான். மூன்றாவது ஆளின் அக்காவுக்கு இடது கையில் ஆறு விரலாம், புன்ஹிக்கு ஐந்துதான். நாலாவது ஆளுக்கு அக்காவே கிடையாது. யாராவது ஒரு சொந்தம் கிடைக்காதா என்று கேட்டுப் பார்த்தானாம். புன்ஹி அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டவில்லை, ஒரு மணி நேரம் அழுதாள்.

இஞ்சியோன் மீன் சந்தையில் அவள் வாய்க்குப் பயந்து போலீஸ்காரர்களே பேரம் பேசாமல் மீன் வாங்கிப் போவார்கள். அப்பேர்ப்பட்டவள் இப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ கழன்றது. பின்னாலேயே அட்டையை முதுகில் கட்டிக்கொண்டு சாங்வூக் ஓடி வந்தார். கப்பலுக்குச் சாயம் அடிக்கிறவர், படுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் நல்ல மனிதர்.

"வழி விடுங்கம்மா! என் தம்பி வந்துட்டான்!"

"போன வாரமும் இதையேதான சொன்னே?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"சொன்னேன்! இன்னைக்கும் சொல்றேன்! உனக்கு வயித்தெரிச்சலா?"

"எனக்கும் ஒருத்தன் வந்தா நானும் ஓடுவேன். ஓடு, ஓடு" என்று அவளே புன்ஹியை முதுகில் கை வைத்து முன்னே தள்ளிவிட்டாள்.

உள்ளே விளக்குகளின் சூட்டில் வேர்த்துக் கொட்டியது. வரிசையாக ஜனங்கள் அட்டைகளை நெஞ்சோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவருக்குத் தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன. அவர் புன்ஹியின் கையில் மைக்கைக் கொடுத்துத் திரையைக் காட்டினார். திரையில் புசான் நிலையம் தெரிந்தது. அங்கே பஸ் டிரைவர் உடுப்பில் ஓர் ஆள், தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தான். ஒடிசலான முகம், காது மட்டும் பெரிது. புன்ஹி அந்த முகத்தில் ஏழு வயசுப் பையனைத் தேடினாள். அகப்படவில்லை.

"புசான்ல இருக்கறவர் பேசலாம். உங்க பேரு?"

"சோ மான்சொப். அது அநாதை இல்லத்துல வெச்ச பேருங்க. வீட்டுல கெத்தோங்."

"சொந்த ஊரு?"

"சாரிவோன் பக்கம்னு சொல்லுவாங்க. வீட்டுக்குப் பின்னால ஆறு இருந்துச்சு."

"எங்க வீட்டுக்குப் பின்னாலயும் ஆறுதான்!" என்று புன்ஹி கூவினாள்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்க. சார், அப்பா பேரு என்ன?"

"அப்பான்னுதான் கூப்பிடுவேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"வயசு?"

"முப்பத்தேழு."

புன்ஹி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "என் தம்பிக்கு நாப்பது."

"மூணு வருஷம் இடிக்குதே" என்றார் நடத்துகிறவர். அவர் குரல் இறங்கியது. இறங்கிய குரலுக்கு என்ன அர்த்தம் என்று அந்த நாலு தடவையில் புன்ஹிக்கு மனப்பாடம்.

"அது வந்துங்க, நான் குள்ளமா இருந்தேன்னு குறைச்சு எழுதிட்டாங்க" என்று அந்த ஆள் அவசரமாகச் சொன்னான். "அங்க இருந்த எங்க எல்லாருக்குமே ஜனவரி ஒண்ணாந் தேதிதான் பொறந்த நாளு."

"எங்கே பிரிஞ்சீங்க?"

"ஒரு ரயில் ஸ்டேஷன்ல. அக்கா சுவரோரமா நிக்கச் சொல்லிட்டுச் சோறு வாங்கப் போச்சு. பிளேன் வந்துச்சு."

புன்ஹியின் அட்டையிலும் அதுதான் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பனிக்காலத்தில் எந்த ஸ்டேஷனில்தான் விமானம் வரவில்லை, எந்த அக்காதான் சோறு தேடிப் போகவில்லை? வரிசையில் இருந்த அட்டைகளில் பாதி அதே கதைதான்.

"உடம்புல ஏதாவது மச்சம், தழும்பு?"

"ஒண்ணும் கிடையாது" என்றாள் புன்ஹி. "உரிச்ச முட்டை மாதிரி இருப்பான்."

"எனக்கு இப்போ ஏகப்பட்டது இருக்கு. அப்போ இருந்துச்சான்னு தெரியல" என்றான் அவன்.

நடத்துகிறவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் இன்னும் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். "நேரம் ஆயிடுச்சும்மா. வேற ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா..."

"இருங்க! இருக்கு!" புன்ஹி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். "போர் வந்த வருஷம் எங்க தாத்தாவுக்குத் திதி. அப்பா படையல் எல்லாம் வெச்சு முடிச்சாரு. மீனு, கறி, பேரிக்காய், சீமைப் பனிச்சம்பழம், எல்லாம் அதது இடத்துல."

"சரி."

"என் தம்பி ஒரு பீச் பழத்தைக் கொண்டாந்து நடுவுல வெச்சுட்டான்!"

வரிசையிலிருந்த கிழவர்கள் ஐயையோ என்றார்கள். திதிப் படையலில் யாராவது பீச் பழம் வைப்பார்களா? பேயை ஓட்டுகிற பழமாயிற்றே. அதைக் கண்டால் செத்துப்போன தாத்தாவும் வாசலோடு திரும்பிப் போய்விடுவார், அடுத்த வருஷம்வரை பட்டினிதான்.

"அப்பா விளக்குமாத்தை எடுத்து வெளுத்து வாங்கிட்டாரு. இவனுக்கு அது ஞாபகம் இருக்கணுமே! பீச் பழத்தை நீதான வெச்சே?"

திரையில் அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். அவன் காது இரண்டும் சிவந்துகொண்டு வந்தது.

"நான் வெக்கல" என்றான்.

"அடக் கடவுளே" என்று சாங்வூக் முனகினார். நடத்துகிறவர் மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"நான் வெக்கவே இல்ல!" என்று அந்த ஆள் புசானிலிருந்து கத்தினான். "பொய் சொல்லாத! நீதான் வெச்ச! தாத்தாவுக்குப் புடிக்கும்னு நீ வெச்சுட்டு, அப்பா வந்ததும் என்னைக் கை காட்டிட்ட! அடி வாங்குனது மட்டும்தான் நான்!"

சந்தையில், கல்யாணங்களில், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது என்று இந்தக் கதையை முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி புன்ஹிக்கே அது நிஜமாகிப் போயிருந்தது. இப்போது அவன் கத்தியதும் அந்தப் பழத்தின் சுணை உள்ளங்கையில் அரித்தது. வைத்தது அவள்தான். பதிமூன்று வயசுக் கழுதை, அடிக்குப் பயந்து ஏழு வயசுப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாள். அவன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அவளும் அவனும்.

"டேய்!" என்றாள். அந்தச் சத்தத்தில் மைக் கீச்சிட்டது. "டேய் கெத்தோங்! என் நாய்ப்பீயே! நீதான்டா! நான்தான்டா வெச்சேன், நான்தான் வெச்சேன்!"

"அக்கா!"

"நான்தான்டா வெச்சேன்! என்னை அடிடா!"

"அக்கா! அக்கா!" அவன் திரையை நோக்கி ஓடி வந்தான். ஓடி எங்கே போவது? கேமராவில் மோதினான், அவன் நெற்றி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் எழுந்து இரண்டு கையையும் தூக்கி மன்சே, மன்சே என்று வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். ஒரு கிழவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். சாங்வூக் மைக்குக்குள் வாயை நுழைத்து, "மச்சான்! நான்தான்பா உன் அக்கா புருஷன்! என்னையும் இப்படித்தான்பா எல்லாத்துக்கும் கை காட்டுவா!" என்று அழுதார். நாடே பார்க்கிறது என்ற நினைப்பு யாருக்கும் இல்லை. புன்ஹி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தரையை அடித்துக்கொண்டு சிரித்தாள். வாழ்க்கையில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அக்கா, நாளைக்கே வர்றேன். இல்ல, இன்னைக்கே கெளம்பறேன். பஸ்ஸை எடுத்துக்கிட்டே வந்துடறேன்!"

"வாடா! பஸ்ஸோட வா!"

"அம்மா எங்க? ஏன் கூட்டிட்டு வரல? அம்மாவால நடக்க முடியலியா?"

புன்ஹியின் சிரிப்பு நிற்கவில்லை, அது பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது.

"நீ சோறு வாங்கப் போகல, அம்மாவைக் கூட்டியாரத்தான் திரும்பிப் போயிட்டேன்னு நினைச்சேன்" என்றான் அவன். "அதனாலதான் நான் அங்க அழவே இல்ல. அக்கா அம்மாகூட இருக்குன்னு நெனச்சுதான் இத்தனை வருஷமும் தூங்குனேன். அம்மாவைக் கொஞ்சம் காட்டு அக்கா."

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவைச் சிப்பாய்கள் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாது என்று அம்மா சாரிவோனிலேயே தங்கிவிட்டாள். பத்தே நாள், எல்லாம் அடங்கிவிடும் என்று சொல்லித்தான் பிள்ளைகள் இரண்டையும் தெற்கே அனுப்பினாள். அதற்கப்புறம் வடக்கு வேறு தெற்கு வேறு என்று நாட்டின் நடுவில் எல்லைக் கோடு விழுந்தது. ஒரு கடிதம்கூட அதைத் தாண்டவில்லை.

அம்மா என் மடியில்தான் கண்ணை மூடினாள், நல்ல சாவு என்று சொல்லிவிட புன்ஹிக்கு நாக்கு துடித்தது. சொன்னால் நம்புவான். ஆனால் இவனிடம் இன்னொரு பொய்யா?

"எனக்குத் தெரியாதுடா" என்றாள். "நீ திரும்பி அம்மாகிட்டயே போயிட்டேன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். சின்னப்பையன், வந்த வழியைக் கேட்டுக் கேட்டுப் போயிருப்பான்னு."

மன்சே போட்டவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நேரமாகிவிட்டது என்று நடத்துகிறவர் சொல்லவில்லை.

"அப்போ அம்மாகூட யாரு இருக்கா?" என்று கேட்டான் அவன்.

"யாருமே இல்லடா" என்றாள் புன்ஹி. "நாம ரெண்டு பேரும் இங்கதான இருக்கோம்."