வலது பிரேக்

பன்னிரண்டு மணிக்குள் அந்த வலது பிரேக் சரியாகாவிட்டால் மமதாவின் மூன்று வருஷம் பாழ். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பாழாய்ப்போன அந்த பிரேக்குக்குத்தான் தெரியவில்லை.

நான் கோதண்டராமன். பெங்களூரில் வீடு மர்பி டவுன், வேலை ஜக்கூரில் ஒரு தனியார் விமானப் பள்ளியில் மெக்கானிக். தொண்ணூற்றேழு ஆகஸ்டில் எங்களிடம் பறக்கிற நிலையில் இருந்தது ஒரே ஒரு விமானம், ரெண்டு பேர் உட்காருகிற சின்னது. அதில்தான் அன்றைக்கு மமதாவுக்கு லைசென்ஸ் பரீட்சை. மூணு வருஷமாகப் பொம்மசந்திராவிலிருந்து மூணு பஸ் மாறி வருகிற கன்னடக்காரப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவாள். அவள் பாஸ் பண்ணிய எழுத்துப் பேப்பர்கள் அந்த மாதத்தோடு காலாவதி, விட்டால் எல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும். டெல்லியிலிருந்து வந்த பரீட்சை அதிகாரியோ, "பன்னிரண்டுக்குள் கிளம்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை" என்று சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு அவருக்கு டெல்லி ஃப்ளைட்.

ஒன்பது மணிக்குப் பார்த்தால் வலது சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது. ரப்பர் வளையத்தை மாற்றினேன். அடுத்து குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். காரில் பெடலை மிதித்து மிதித்துக் காற்றைக் கீழே தள்ளுவார்கள். இதில் தலைகீழ். சக்கரத்தடியிலிருந்து எண்ணெயைப் பம்ப் அடித்து ஏற்றினால், காற்று மேலே போய், பெடலோடு இருக்கிற சிலிண்டரில் செருகிய ட்யூப் வழியாகப் பாட்டிலில் குமிழ் விடும். குமிழ் நின்றால் வேலை முடிந்தது. உள்ளே உட்கார்ந்து பாட்டிலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கென்று பார்த்து என் கூட்டாளி லீவு. மமதாவையே ஏற்றினேன்.

"குமிழ் வந்தா வருதுன்னு சொல்லு. அவ்ளோதான்."

"சரிண்ணா. அண்ணா, இந்த..."

"பாட்டிலைப் பாரும்மா!"

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுக் குந்தினேன். அடித்தேன். பம்ப் இறுகியதே தவிர எண்ணெய் ஏறவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். பட்டென்று பம்ப் ட்யூப் கழன்று மூஞ்சியெல்லாம் எண்ணெய்.

"சனியன் புடிச்ச பிரேக்கு!"

"அண்ணா, பெடலு..."

"பெடலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா? நீ ஸ்லேட்டுல எழுதினப்பவே நான் பெடல் கழட்டினவன்!"

சிலிண்டரில்தான் அடைப்பு என்று முடிவுகட்டினேன். அவளை இறக்கிவிட்டு, உள்ளே தலைகீழாகத் தொங்கி, இடுப்பு ஒடிய அதைக் கழற்றினேன். துளிகூட அழுக்கில்லை. திரும்ப மாட்டியபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. அவளை ஏற்றி மறுபடி அடித்தேன். மறுபடி மூஞ்சியில் எண்ணெய். எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அவளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிற பரத் சார் வந்து எட்டிப் பார்த்தார். "ஆய்தா கோதண்டம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நீங்க வந்து நின்னா ஆயிடுமா சார்?"

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்துவிட்டுப் போகிறார், பெரிய மனுஷன்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்க..."

"வாயை மூடிட்டு உக்காரு தாயே! பரீட்சை உனக்கா எனக்கா?"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். சிலிண்டரையே தூக்கிப் போட்டு வேறு மாட்டலாம் என்று ஸ்பானரோடு எழுந்து கதவை வெடுக்கென்று திறந்தேன். அவள் கண் பாட்டில் மேலேயே இருந்தது. கீழே, கான்வாஸ் ஷூ போட்ட ரெண்டு காலும் பெடல்களை அழுத்திக்கொண்டிருந்தன.

பெடல் அழுந்தியிருந்தால் சிலிண்டரின் துளை மூடிக்கொள்ளும். கீழேயிருந்து நாள் பூராவும் பம்ப் அடித்தாலும் ஒரு சொட்டு ஏறாது.

"அடிப்பாவி! இன்னாத்துக்கு காலை அங்க வெச்சிருக்க?"

"நீங்க சக்கரத்துக்கிட்ட இருக்கீங்களேண்ணா. ஆள் பக்கத்துல இருந்தா பிரேக்குல இருந்து காலை எடுக்கவே கூடாதுன்னு பரத் சார் மொத நாளே சொன்னாரு. உருண்டு உங்க மேல ஏறிட்டா?"

"கட்டை வெச்சிருக்கேனே, தெரியல? எடு காலை!"

எடுத்தாள். ஏழே நிமிஷம். குமிழ் குமிழாக வந்தது, நின்றது, பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் மூடித் துடைத்து, இன்ஜினியர் சோதித்துக் கையெழுத்துப் போட்டபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

அவள் ஆபீஸுக்கு ஓடினாள். எண்ணெய் மூஞ்சியோடு நானும் பின்னால் ஓடினேன். அதிகாரி ஃபைலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அரை மணி கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். என் ஆயுசில் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை. இனி நவம்பரில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மமதா இறக்கை நிழலில் போய் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. அப்போதும் சும்மா இருந்தேனா?

"காலை வெக்கட்டுமா எடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு தடவை கேக்க வந்தேண்ணா."

திட்ட வாயைத் திறந்தேன். திட்டுவதற்கு அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.