கலப்பை வளையும் இடம்

வயலின் நடுவே வந்ததும் கணவன் வழக்கம்போல ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினான். டிராக்டர் ஓர் அரைவட்டம் போட்டுவிட்டு நேர்கோட்டுக்குத் திரும்பியது. அங்கே மரமும் இல்லை, பாறையும் இல்லை. ஆனால் மேட்டிலிருந்து பார்த்தால், அத்தனை உழவுச்சாலும் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினாற்போல் தெரியும்.

"அங்க யாரு உக்காந்திருக்கா, எங்கம்மாவா?" என்றாள் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்திருந்த மனைவி.

"அப்பா இப்படித்தான் ஓட்டுவாரு."

"எறங்குங்க, நான் ஓட்டறேன்."

தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாமல், கறவை மாடு இரண்டையும் விற்பதென்று முடிவாகியிருந்தது. மறுநாள் பார்க்க ஆள் வருகிறான். மாடு போனாலும் மண்ணாவது முழுசாக இருக்கட்டும் என்று நேரே விட்டாள்.

பின்சக்கரத்துக்கு அடியில், வெறும் பானையைத் தட்டினாற்போல் 'டொம்' என்றது. சக்கரம் ஒரு சாண் இறங்கியது.

"சொன்னா கேட்டாத்தானே!" என்றான் கணவன்.

அவள் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டு வந்து மண்ணைத் தள்ளினாள். கருங்கல் பலகை. அதில் புதிதாய் ஒரு விரிசல். உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று காற்று.

"பழைய பண்ணைக் கெணறு!" என்றான் அவன். "கெழக்கால எங்கயோன்னுல்ல நெனச்சேன்."

இந்தச் சரிவு முழுக்க ஒரே பண்ணையாக இருந்த காலத்தில் வாய்க்கால் வந்தது. இனிக் கிணறு எதற்கு, கன்று விழுந்துவிடும் என்று பலகை போட்டு மண்ணால் மூடினார்கள். பிறகு வாய்க்காலும் தூர்ந்தது. பண்ணையும் துண்டு துண்டாக விலைபோனது. அதில் ஒரு துண்டை வாங்கிய மாமனாருக்குக் கிணறு இருந்த இடம் தெரியாது. ஆனால் அவர் ஏரில் பூட்டிய மாட்டுக்குக் குளம்பில் தெரியும். அடியில் வெற்றிடமாக அதிர்ந்தால் கழுத்தை இழுத்துக்கொண்டு விலகிவிடும். மாட்டின் பின்னால் அவர் வளைந்தார். அவர் பின்னால் மகன், மகனோடு டிராக்டர்.

"அப்ப இத்தன வருஷமா நீங்க கேட்டது உங்கப்பா பேச்ச இல்ல, மாட்டுப் பேச்ச."

"உன் பேச்சையும்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே மண்ணில் குப்புறப் படுத்து, விரிசலில் காதை வைத்தாள்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து அவனும் பக்கத்தில் படுத்தான். அவள் ஒரு கூழாங்கல்லை விரிசலுக்குள் நழுவவிட்டாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ ஆழத்தில், 'க்ளுக்'.

அவள் காதை எடுக்காமலே, இன்னொரு கல்லுக்காக அவனிடம் கையை நீட்டினாள்.