கப்பல் வாத்தியார் வந்துபோன மாசிகள்

தேவகிக்கு முட்டி இரண்டும் விட்டுப்போயிருந்தன. காலையிலிருந்து நின்ற கால் நின்றபடி. படத்திறப்புக்குப் பந்தல் போட வந்தவனுக்கு டீ, மைக் செட்காரனுக்கு டீ, சென்னையிலிருந்து வேனில் வந்திறங்கிய கல்லூரிக்காரர்களுக்கு நாற்காலி, அவர்களில் ஒரு அம்மாவுக்கு பாத்ரூம் எங்கே என்று காட்டுவது. செத்தவன் கூடப்பிறந்த தம்பி. எழுபது வயதுக்காரி ஒரு மூலையில் உட்கார்ந்து அழ வேண்டாமா? அழக்கூட நேரம் கொடுக்கவில்லை, மகராசன்கள்.

பந்தல் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். அதில் தம்பி இளவழகன் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்தான். போன மாதம் சென்னையில், தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவன். ‘உலகம் சுற்றிய வரலாற்றுப் பேராசிரியர். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைத் தேடி ஆண்டுதோறும் வந்த அறிஞர்’ என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். குப்பத்து ஆண்கள் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு அவன் அறிஞன் இல்லை, கப்பல் வாத்தியார். லிஸ்பன், ஜகார்த்தா, கொழும்பு என்று கடல் கடலாகத் தாண்டியவன் ஏரியில் தோணி ஏறினால் போதும், கரை மறையுமுன் வாந்தி எடுத்துவிடுவான். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்த ஆள்! இந்த ஒரு கூத்தைப் பார்க்கவே வருஷா வருஷம் பிள்ளைகள் கரையில் நிற்கும்.

அவன் ஏன் தோணி ஏறினான் என்று கேட்டால், அது குப்பத்துக் கட்டுப்பாடு. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஊரில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். கல்யாணமான ஆம்பளைக்கு ஆளுக்கொரு பாடு. மாசி மாதம் அம்மன் கோயில் முன்னால் கூடிச் சீட்டுப் போடுவார்கள். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் பேர் கூப்பிடும்போது ஆள் எழுந்து நிற்க வேண்டும், அன்றைக்கே தோணி ஏறி வலைக்கயிற்றைத் தன் கையால் பிடிக்கவும் வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வரவில்லையா, பாடு போச்சு. கலெக்டராக இருந்தாலும் போச்சு.

தேவகி உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மாரி போனபோது ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள்தான். மாரியின் பாடு அவனோடு போய்விட்டது. அப்போது இளவழகன் வந்து, என் பாட்டில் வேறு ஆட்கள் வலை கட்டட்டும், கிடைப்பதில் பாதி அக்காவுக்கு என்று ஊரில் சொல்லி வைத்தான். அந்தப் பாதிதான் மகளை எளாவூரில் கட்டிக்கொடுத்தது. ஒழுகின கூரையை மாற்றியது. இன்றைக்கும் கூடையில் ஏறிப் பழவேற்காட்டு மார்க்கெட்டுக்குப் போவது அதுதான்.

இருந்தாலும் தேவகிக்குத் தம்பிமேல் தீராத ஆத்தாமை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் வருவான். கூப்பிட்டதும் எழுந்து நிற்பான், தோணியில் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவான், முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறப் போவான். போகிற வழியில் கல்லறைப் பக்கம் மட்டும் ஒரு எட்டு நின்று பார்ப்பானாம். கல்லுக்குக் காட்டுகிற அக்கறை கூடப்பிறந்தவளுக்கு இல்லையே என்று அவள் பேசாத பேச்சில்லை. ஊரெல்லாம் சுற்ற நாள் இருக்கிறது, அக்கா கையால் ஒரு வேளை சாப்பிட நேரமில்லை, பெரிய மனுஷன்! அவன் சிரிப்பான். “அடுத்த வருஷம் இருந்து சாப்டறேன் அக்கா” என்பான்.

இன்றைக்கு மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தபோது பெரியதனக்காரர் தெய்வசிகாமணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பையனாண்ட கேட்டியா தேவகி?”

“இன்னும் இல்ல மாமா. இதெல்லாம் முடியட்டும்.”

“நாளைக்குக் காத்தால அப்பன் பேரத்தான் கூப்டுவேன், புள்ள எழுந்து நிக்கணும். அப்பன் பாடு புள்ளைக்கு வரும், அதுல பேச்சே இல்ல. ஆனா வருஷா வருஷம் வந்து நின்னாவணும். இந்த ஒரு தரம் நின்னுட்டு அப்பால வரலன்னா ஊர் கேக்காது, சொல்லிட்டேன்.”

“வருவான். நல்ல புள்ள.”

பையன் என்றால் இளவழகனின் ஒரே மகன் சிவகுமார். ஜெர்மனியில் வேலை. அப்பாவின் சாவுக்கு வந்தவன் இன்னும் திரும்பவில்லை. படத்திறப்பைச் சீட்டுக்கு முந்தின நாளில் வைக்கச் சொல்லிக் கல்லூரிக்காரர்களிடம் அடம்பிடித்தவளே தேவகிதான். அப்போதுதானே அவனைப் பிடித்து நிறுத்தலாம்? இந்தப் பாடும் போனால் அவளுக்கு வேறு வழி கிடையாது. விடிவதற்கு முன்னால் இறால் கம்பெனி ஷெட்டில் போய் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்க வேண்டும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு.

பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் எழுந்தது கிறிஸ்டினா மேடம், தம்பியோடு ஒரே டிபார்ட்மெண்டில் வேலை பார்த்த அம்மா.

“எங்களுக்கு ஒண்ணு மட்டும் கடைசி வரைக்கும் புரியல. ஹாலந்துல மூணு வருஷம் தங்கிப் பாடம் நடத்த சாரைக் கூப்பிட்டாங்க. அந்த மாதிரி ஒரு வாய்ப்புக்கு நாங்கள்லாம் தவம் கிடந்தோம். நடுவுல லீவு தரமாட்டோம்னாங்க, சார் போகல. ஜகார்த்தாவுல ஒரு மாநாடு, தலைமையே சார்தான். ரெண்டாவது நாள் பாத்தா மேடையில நாற்காலி காலி. கேட்டா, பழவேற்காட்டுல வேலை இருந்துச்சும்மான்னு சிரிக்கிறார். எல்லாமே மாசி மாசம்தான். கல்லறை எங்கயாவது ஓடிப்போயிடுமா? சித்திரையில வந்தா அந்தக் கல்லு இருக்காதா? அப்படி ஒரு ஆராய்ச்சி வெறி அவருக்கு!”

பந்தலில் கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. தேவகி தட்டவில்லை. மாசி மாசம் என்ற வார்த்தையிலேயே அவள் நின்றுபோயிருந்தாள். கல்லறை பார்க்க வருகிறவன் போகிற போக்கில் பேருக்கு நின்றுவிட்டுப் போகிறான் என்றல்லவா அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்? பேருக்கு நிற்க வந்தவன் போகிற போக்கில் கல்லறையைப் பார்த்திருக்கிறான். அட பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவளுக்கு அந்தப் பேனரைக் கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் வேன்காரர்களுக்கு இன்னும் சாப்பாடு போடவில்லை.

எல்லாரும் போன பிறகு சிவகுமார் வீட்டுக்குப் பின்னால் போய் இங்கிலீஷில் ரொம்ப நேரம் போன் பேசினான். கெஞ்சுகிற குரல் எந்தப் பாஷையில் இருந்தாலும் தெரியாதா என்ன? உள்ளே வந்தவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“லீவுதான் அத்தை. ரெண்டு நாள் தள்ளிப்போட்டதுக்கு இவ்ளோ பேச்சு. புதுசா சேர்ந்த இடம் வேற. அங்க குழந்தைக்கு ஜுரம், அவ ஒருத்தியா கஷ்டப்படறா.” பிறகு ஞாபகம் வந்தவனாக, “ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே?” என்றான்.

“மொதல்ல துன்னு” என்று தேவகி தட்டை வைத்தாள். சோறும் இறால் தொக்கும்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் கையை நிறுத்தினான். “அந்த மேடம் பேசினதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தட்ட வரல. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குக்கூட அப்பா இங்கதான் அத்தை இருந்தார். நான் காலேஜ் பையன். ஆஸ்பத்திரி வராந்தாவுல தனியா உக்காந்திருந்தேன். சாயந்திரமா வந்தார், பேண்ட்டெல்லாம் சேறு. அம்மா பொழச்சிட்டாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தாங்க. ஆனா நான் அப்பாவோட சரியாவே பேசல. கடைசி வரைக்கும். அப்படி என்ன அத்தை இருந்துச்சு அந்தக் கல்லறையில?”

தேவகிக்கு அந்த வருஷம் நன்றாக ஞாபகம் இருந்தது. அவனுக்கென்று தேடிப்பிடித்து நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். தோணியைவிட்டு இறங்கினவன், வேலை இருக்குது அக்கா என்று ஈரக்காலோடு ஓடினான். வந்த கோபத்தில் அந்தக் குழம்பை அப்படியே நாய்க்குக் கொட்டிவிட்டு, தெரு முழுக்க அவனைத் திட்டித் தீர்த்தாள். பெண்டாட்டியை ஆபரேஷனுக்கு விட்டுவிட்டு வந்தவன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சிவகுமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பனைப் போலவே நெற்றி, அப்பனைப் போலவே அசதி. இப்போது கேட்டால் இந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“உங்கப்பன் கல்லறைக்கு வர்ல கண்ணு” என்றாள். “எனக்கோசரம் வந்தான்.”

பாடு இன்னது, பேர் கூப்பிடுவது இன்னது, வராவிட்டால் என்ன ஆகும், வந்ததனால் அவள் வீட்டில் எப்படி அடுப்பு எரிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் வாந்தி எடுத்ததையும் சொன்னாள். சிவகுமாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே அழ ஆரம்பித்தான். அவள் தடுக்கவில்லை, தண்ணீர்ச் சொம்பை மட்டும் பக்கத்தில் நகர்த்தினாள்.

“அப்ப இனிமே உங்களுக்கு? அந்தப் பாட்ட நான் எடுத்துக்க முடியாதா அத்தை? வருஷத்துக்கு ஒரு தடவைதானே, எப்படியாவது வந்துடறேன்.”

அவள் பல நாளாகக் காத்திருந்த வார்த்தை. கேட்காமலே வந்துவிட்டது. ஆம் என்று தலையை அசைத்தால் போதும்.

“அதெல்லாம் வராது” என்றாள் தேவகி. “ஆள் போனா பாடும் போச்சு. புள்ளைக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க.”

“நிஜமாவா?”

“பின்ன, உன்னாண்ட பொய் சொல்லிக்கினு இருக்கறனா? சோறு ஆறுது பாரு.”

“அப்ப நான் பணம் அனுப்பறேன் அத்தை.”

“அனுப்பு. அனுப்பினா வாங்கிக்கறேன்.” சொல்கிறபோது எல்லாரும் மனசாரத்தான் சொல்கிறார்கள். அவளுக்கு அது தெரியாததில்லை.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஆண்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல மதிலோரம். சிவகுமார் பெட்டியோடு கிளம்பி, அப்பாவின் பேரைக் கூப்பிடுவதை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று தேவகியின் பக்கத்தில் வந்து நின்றான். கார் ரோட்டில் காத்திருந்தது. தெய்வசிகாமணி அவனைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கத் தோன்றவில்லையே!

ஒவ்வொரு பேராகப் போனது. இருக்கேன், இருக்கேன் என்று ஆட்கள் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள்.

“இளவழகன்!”

இந்த இடத்தில் வருஷா வருஷம் ஒரு சிரிப்பு கிளம்பும். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்த வாத்தியார் இங்கே பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“இளவழகன்!”

சிவகுமார் தொண்டையைச் செருமினான். தேவகி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இளவழகன்!” என்று மூன்றாம் தரம் கூப்பிட்ட தெய்வசிகாமணி, மதில் பக்கம் திரும்பினார். “அப்பன் இல்லன்னா இன்னா, அதான் அவன் புள்ள…”

“மாமா!”

பெண்பிள்ளை அந்தக் கூட்டத்தில் குரல் எழுப்பியதில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. தேவகி பிடித்த கையை விடவில்லை.

“அவன் வரமாட்டான் மாமா. வந்த வரைக்கும் போதும். அடுத்த பேர கூப்டு.”

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். பிறகு அவள் கையையும், அந்தக் கைக்குள் இருந்த பிள்ளையின் கையையும் பார்த்தார். அப்புறம் முன்னால் திரும்பி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.